பழைய நுண்ணலை வினைக்கலனைச் சீரமைத்த பதிவு: திரையில் தெரியும் வெப்பநிலையைச் சோதிப்பது எப்படி

வேதியியல் ஆய்வகங்களில் தொகுப்பு வினைகளுக்குப் பயன்படும் நுண்ணலை (மைக்ரோவேவ்) வினைக்கலன் ஒன்று, பல ஆண்டுகள் வேறிடத்தில் உழைத்த பிறகு, மின்னிணைப்புக் கொடுத்தால் திரை எரியும் என்ற ஒரே உறுதிமொழியோடு எங்கள் ஆய்வக மேசைக்கு வந்து சேர்ந்தது. நுண்ணலையை உருவாக்கும் 300 வாட் மேக்னட்ரான், ஒரு நேரத்தில் ஒரு குப்பியை மட்டும் ஏற்கும் சிறிய குழிவறை, அடியில் காந்தக் கலக்கி, குளிர்விக்க அழுத்தக்காற்று இணைப்பு என்பது அதன் அமைப்பு. 250 டிகிரி செல்சியஸும் 20 பார் அழுத்தமும் அதன் உச்ச வரம்புகள். அதில் எந்தெந்த வினைகள் ஓடின, எந்தக் குப்பி எப்போது உடைந்தது என்பதைச் சொல்லும் பதிவேடு எதுவும் உடன் வரவில்லை. இத்தகைய கருவியைப் பழையதாக வாங்குவோர் பெரும்பாலும் மேக்னட்ரான் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு நிறைவடைந்துவிடுகிறார்கள். மேக்னட்ரான் செத்திருந்தால் வினை நடக்காது, அவ்வளவுதான். திரையில் தெரியும் வெப்பநிலை பொய்யாக இருந்தாலோ குப்பி வெடிக்கக்கூடும். வெடிக்காவிட்டாலும் குறிப்பேட்டில் ஏறும் ஒவ்வொரு எண்ணும் பொய்யாகிவிடும். ஆகவே இந்தச் சீரமைப்பு முழுவதையும் வெப்பநிலை அளவீட்டை மையமாக வைத்தே செய்தேன்.

வெப்பநிலைக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்பதைச் சற்று விளக்க வேண்டும். இந்தக் கருவிகளும் வீட்டு மைக்ரோவேவ் அடுப்பின் 2.45 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணிலேயே இயங்குகின்றன. அலைநீளம் ஏறத்தாழ 12.2 சென்டிமீட்டர். அந்த அலையின் ஓர் ஒளியன் (ஃபோட்டான்) சுமக்கும் ஆற்றல், ஒரு எலக்ட்ரான்வோல்ட்டில் லட்சத்தில் ஒரு பங்கு மட்டுமே என்பதால், சில எலக்ட்ரான்வோல்ட் தேவைப்படும் வேதிப்பிணைப்பு எதையும் அது நேரடியாக உடைக்க முடியாது. 1986இல் கனடாவின் லாரன்ஷியன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் கெடியின் குழுவும், அமெரிக்காவில் ரேமண்ட் ஜிகேர், ஜார்ஜ் மஜெடிக் ஆகியோரின் குழுவும் வீட்டு அடுப்புகளிலேயே கரிம வினைகளை நடத்தி, மணிக்கணக்கில் ஆகும் வினைகள் நிமிடங்களில் முடிவதைக் காட்டின. அப்போது நுண்ணலைக்கென்று தனி ஆற்றல் ஏதோ இருக்கிறது என்ற எண்ணம் பரவியது. பின்னர் ஆஸ்திரியாவின் கிராஸ் பல்கலைக்கழகத்தில் ஆலிவர் காப்பேயின் குழு, நுண்ணலையைப் பெரும்பாலும் தானே உறிஞ்சிக்கொண்டு உள்ளிருக்கும் கரைசலுக்கு வெப்பத்தை மட்டும் தரும் சிலிக்கான் கார்பைடு குப்பிகளில் அதே வினைகளை அதே வெப்பநிலையில் நடத்தி, கண்ணாடிக் குப்பியில் கிடைத்ததற்கு இணையான விளைவுகளைப் பெற்றது. ஆக, மூடிய குப்பியில் கரைப்பானை அதன் கொதிநிலைக்கு வெகு மேலே விரைவாகச் சூடாக்க முடிவதுதான் வேகத்தின் காரணம். பத்து டிகிரி கூடினால் வினைவேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்ற பழைய வழிகாட்டு விதிப்படி, 80 டிகிரியில் எட்டு மணி நேரம் எடுக்கும் வினை 160 டிகிரியில் 256 மடங்கு வேகமாகி இரண்டு நிமிடத்துக்குள் முடியும். அதே விதிப்படி, வெப்பமானி 20 டிகிரி தவறினால் வினைவேகக் கணக்கு நான்கு மடங்கு தவறும்.

பிரிப்பதற்கு முன்பாகக் கருவியை, நச்சாவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூடுக்குள் வைத்துத் துடைத்தேன். முன்பு யார் எதைச் சூடாக்கினார்கள் என்று தெரியாத கருவியின் குழிவறையில் எந்த நச்சுப்பொருளும் படிந்திருக்கலாம். விற்பவரிடம் தூய்மையாக்கல் சான்று கேட்டுப் பெறுவது நல்லது, ஆனால் சான்று இருந்தாலும் கையுறையோடு துடைக்கத்தான் வேண்டும். டெஃப்ளான் பாகங்களுக்கு அசிட்டோன் போன்ற எந்தப் பொதுக் கரைப்பானும் ஒத்துவரும். மூடியின் ஒளிபுகும் பகுதி பாலிகார்பனேட்டாக இருந்தால் அசிட்டோன் பட்டதும் வெளிறி, நுண்விரிசல் விடும். அங்கே ஐசோபுரோப்பனால் மட்டுமே பயன்படுத்தினேன்.

மின்பகுதி இந்தக் கருவியின் மிக ஆபத்தான இடம். மேக்னட்ரானின் எதிர்மின்வாய்க்கு ஏறத்தாழ 4000 வோல்ட் எதிர்மின்னழுத்தம் செல்கிறது. அதை வழங்கும் மின்தேக்கி, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரைப் பறிக்கும் அளவு மின்னேற்றத்தை வைத்திருக்கலாம். மின்தேக்கிக்குள் கசிவு மின்தடை இருப்பது வழக்கம் என்றாலும் அது அறுந்திருக்கக் கூடும் என்பதால், உயர்மின்னழுத்தம் தாங்கும் மின்தடை பொருத்திய காப்பிட்ட கோலால் மின்னிறக்கி, பிறகு உயர்மின்னழுத்த அளவுகோலால் சுழி என்று உறுதிசெய்துகொண்டே கையை உள்ளே விட்டேன். இந்த வேலையில் பழக்கமில்லாதவர்கள் இந்தப் பகுதியைப் பழகிய ஒருவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். மேக்னட்ரானைச் சோதிக்க மல்டிமீட்டர் போதும்: இழை முனைகளுக்கிடையே ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும், இழைக்கும் உடலுக்கும் இடையே தொடர்பே இருக்கக் கூடாது, இரண்டு வளையக் காந்தங்களிலும் விரிசல் இருக்கக் கூடாது. மூன்றும் சரியாக இருந்தன. குளிர்விக்கும் தகடுகளுக்கிடையே அடைந்திருந்த தூசியை மட்டும் தூரிகையால் அகற்றினேன். சில மேக்னட்ரான்களின் பீங்கான் பகுதியில் பெரிலியம் ஆக்சைடு இருக்கக்கூடும். அதன் தூள் நுரையீரலுக்குக் கொடிய நஞ்சு என்பதால், பழுதான மேக்னட்ரானாகவே இருந்தாலும் அதை உடைத்துப் பார்க்கும் ஆர்வம் யாருக்கும் வேண்டாம்.

குழிவறையில்தான் கருவியின் கடந்தகாலம் எழுதப்பட்டிருந்தது. குப்பியைத் தாங்கும் டெஃப்ளான் வளையத்தைக் கழற்றியபோது, அதன் அடிப்புறத்தில் மிளகளவு கரும்புள்ளி ஒன்றும், அதைச் சுற்றி மஞ்சள் விளிம்பும் தெரிந்தன. தரையின் வடிகால் துளையில் மெல்லிய கண்ணாடிச் செதில்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு செதிலின் உட்புறத்தில் முகம் பார்க்கும் கண்ணாடியின் பூச்சு போன்ற வெள்ளிச் சாம்பல் நிறப் படலம் இருந்தது. பல்லேடியம் வினையூக்கியைக் கொண்டு கார்பன்-கார்பன் பிணைப்புகளை உருவாக்கும் வினைகளில், வினையூக்கி சிதைந்து உலோகமாகக் குப்பியின் சுவரில் படிவது உண்டு. அந்த மெல்லிய உலோகப் படலம் நுண்ணலையை உறிஞ்சித் தனியிடத்தில் மிகையாகச் சூடாவதால், அந்த இடத்தில் கண்ணாடி இளகியோ விரிசல் விட்டோ உடைகிறது. இந்தக் கருவியில் குறைந்தது ஒரு குப்பியாவது அப்படி உடைந்திருக்க வேண்டும் என்று அந்தச் செதிலைக் கொண்டு முடிவு செய்தேன். கரும்புள்ளி விழுந்த வளையத்தைச் சுரண்டிச் சரிசெய்ய முயலவில்லை. கரி நுண்ணலையை நன்றாக உறிஞ்சும்; ஒருமுறை கருகிய இடம் ஒவ்வொரு முறையும் மேலும் கருகி, ஒருநாள் மின்பொறி தெறிக்கும். புதிய வளையம் ஒன்றைத் தூய டெஃப்ளான் தண்டிலிருந்து அதே அளவில் கடைந்தெடுத்துப் பொருத்தினோம். மேக்னட்ரானிலிருந்து நுண்ணலையைக் கொண்டுவரும் அலைவழிக்கும் குழிவறைக்கும் இடையிலுள்ள தடுப்புத் தகட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அதில் கறை இல்லை.

மூடியின் பாதுகாப்புச் சுவிட்சுகள் இரண்டும் தொடராக இணைக்கப்பட்டிருந்தன. ஒன்று மூடும்போது பல ஓம் மின்தடை காட்டியதால் அதே தரத்தில் புதியதை மாற்றினேன். சோதனைக்காகக்கூட இந்தச் சுவிட்சுகளைக் கம்பியால் குறுக்கே இணைத்து ஏமாற்றக் கூடாது. பழைய கருவிகளை வாங்குபவர்கள், முந்தைய உரிமையாளர் அப்படிச் செய்திருக்கிறாரா என்பதை முதல் வேலையாகப் பார்க்க வேண்டும்.

இனி வெப்பமானி. இக்கருவிகளில் பெரும்பாலானவை குப்பியின் வெப்பநிலையை வெளியிலிருந்து அகச்சிவப்பு உணரியால் அளக்கின்றன. உணரி 8 முதல் 14 மைக்ரோமீட்டர் அலைநீளப் பட்டையைப் பார்க்கிறது. அந்தப் பட்டையில் போரோசிலிகேட் கண்ணாடி ஒளிபுகாப் பொருள். எனவே உணரி காண்பது கரைசலை அல்ல, குப்பியின் வெளிச்சுவரில் உள்ள ஒரு சிறு வட்டத்தை மட்டுமே. உலோக வெப்ப இரட்டையை (தெர்மோகப்பிள்) உள்ளே விட முடியாது, ஏனென்றால் நுண்ணலைப் புலத்தில் அது அலைவாங்கியாக மாறித் தானே சூடாகும், பொறியும் தெறிக்கும். அதனால் உள்வெப்பநிலையை அளக்க ஒளியிழை உணரி வேண்டும். அதன் நுனியில் உள்ள கேலியம் ஆர்சனைடு படிகம் ஒளியை உறிஞ்சத் தொடங்கும் அலைநீளம் வெப்பநிலையோடு நகர்வதைக் கொண்டு அது அளக்கிறது. இது இல்லாமல் பழைய நுண்ணலைக் கருவியைச் சீரமைப்பது இயலாததல்ல, ஆனால் இரவலாகவாவது ஒன்றைப் பெற்றுக்கொண்டால் வேலை தெளிவாகும். நாங்கள் பக்கத்து ஆய்வகத்திலிருந்து பெற்றோம்.

திறந்த குப்பியில் எத்திலீன் கிளைக்கால் ஊற்றி, நன்றாகக் கலக்கியபடி, ஒளியிழையை மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் விட்டுக் கரைசலில் தோய்த்து, குறைந்த திறனில் மெதுவாகச் சூடாக்கி, ஒவ்வொரு நிலையிலும் சமநிலை வரும்வரை காத்திருந்து இரண்டு எண்களையும் குறித்தேன். எத்திலீன் கிளைக்கால் 197 டிகிரியில் கொதிப்பதால் 150 வரை அழுத்தமில்லாமல் செல்ல முடிகிறது. நுண்ணலையையும் மிக நன்றாக உறிஞ்சுகிறது. அறை வெப்பநிலையில் இரு அளவிகளும் ஒத்துப்போயின. ஒளியிழை 60 காட்டியபோது அகச்சிவப்பு 54 காட்டியது, 100இல் 88, 150இல் 133.

இந்த எண்களின் போக்கைக் கவனிக்க வேண்டும். உணரியின் சுழிப்புள்ளி நகர்ந்திருந்தால் எல்லா வெப்பநிலையிலும் ஏறத்தாழ ஒரே அளவு பிழை வந்திருக்கும். இங்கே அறை வெப்பநிலையில் பிழையே இல்லாமல், வெப்பம் ஏற ஏறப் பிழையும் வளர்கிறது. குப்பியிலிருந்து வரும் கதிர்வீச்சில் ஒரு குறிப்பிட்ட பங்கு வழியிலேயே தடுக்கப்படும்போதுதான் இப்படி நடக்கும். கதிர்வீச்சு தனிவெப்பநிலையின் (கெல்வின் அளவு) நான்காம் அடுக்கோடு வளர்கிறது என்று வைத்துத் தோராயமாகக் கணக்கிட்டால், ஐந்தில் ஒரு பங்கு தடுக்கப்பட்டிருக்கிறது என்று தெரிகிறது. அதே கணக்கை மேலே நீட்டினால், திரையில் 180 தெரியும்போது உள்ளே 200 டிகிரியைத் தாண்டியிருக்கும். 180 டிகிரியில் நீரின் ஆவியழுத்தம் 10 பார். 200 டிகிரியில் 15.5 பார். வெப்பநிலையை மட்டும் பார்த்து 20 பார் வரம்புக்குப் பாதித் தொலைவில் இருக்கிறோம் என்று நம்பும் ஒருவர், உண்மையில் அந்த வரம்பின் வாசலில் நின்றுகொண்டிருப்பார்.

உணரி குழிவறையின் பக்கச்சுவரில், ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள குறுகிய உலோகக் குழாயின் மறுமுனையில் இருந்தது. இந்தக் குழாய் வடிவமைப்பின் அழகான பகுதி. உருண்டைக் குழாய் ஒன்றின் வழியே 12.2 சென்டிமீட்டர் அலை பரவ வேண்டுமானால் குழாயின் விட்டம் 7 சென்டிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். எனவே நுண்ணலை அதன் வாயிலேயே மடங்கிவிட, அகச்சிவப்பு மட்டும் தடையின்றிப் போகிறது. ஆனால் குப்பி உடைந்தால் கரைப்பான் ஆவிக்கும் அதே வழி திறந்திருக்கிறது. இரண்டு திருகுகளைக் கழற்றி உணரியை வெளியே எடுத்தபோது, அதன் ஜெர்மேனியம் வில்லையின் மேல் தேநீர்க்கறை போன்ற பழுப்புப் படலம் சீராகப் படர்ந்திருந்தது. ஓரத்தில் ஒரு துளி காய்ந்து வளையமாக நின்றது. உலர்ந்த துணியால் தேய்த்தால் வில்லையின் மேற்பூச்சு கீறிவிடும் என்பதால், வில்லைத்தாளை ஐசோபுரோப்பனாலில் நனைத்து வில்லையின் மேல் சற்று நேரம் கிடத்திப் படலத்தை இளகவிட்டு, நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஒரே இழுப்பாக எடுத்து, ஒவ்வொரு முறையும் புதிய தாளைப் பயன்படுத்தினேன். குழாயின் உட்சுவரையும் அதே போலத் துடைத்தேன்.

மீண்டும் அதே கிளைக்கால் சோதனை. இம்முறை 60இல் வேறுபாடு இல்லை; 100இல் அகச்சிவப்பு 98, 150இல் 147. மீதமிருக்கும் இந்த இரண்டு மூன்று டிகிரி, உள்ளிருந்து வெளியே செல்லும் வெப்பம் கண்ணாடிச் சுவரைக் கடப்பதால் வரும் இயல்பான சரிவு. மென்பொருளில் திருத்த எண் கொடுத்து இரண்டையும் சமப்படுத்தும் வசதி இருக்கிறது. துடைப்பதற்கு முன்பே அந்த வசதியைப் பயன்படுத்திச் சிக்கலை முடித்திருக்கவும் முடியும். அது தவறான வழி என்றே நினைக்கிறேன். அழுக்குப் படலம் நிலையான பொருள் அல்ல. அது நாளை பாதி உரிந்தால், திருத்த எண் எதிர்ப்பக்கம் பிழையை உண்டாக்கும். காரணத்தை அகற்றிய பிறகே எண்ணைத் தொட வேண்டும்.

அகச்சிவப்பு அளவீட்டுக்கு இன்னும் இரண்டு எல்லைகள் உண்டு. கரைசலின் மட்டம் உணரி பார்க்கும் வட்டத்துக்குக் கீழே இருந்தால் அது வெறும் கண்ணாடியைத்தான் அளக்கும். குப்பியின் மீது அச்சிட்டிருக்கும் குறைந்தபட்சக் கொள்ளளவு இதற்காகவே. மேலும், நுண்ணலையைச் செலுத்திக்கொண்டே வெளியே குளிர்காற்றை ஊதும் முறையைச் சிலர் விரும்புகிறார்கள். அப்போது வெளிச்சுவர் குளிர்ந்து, உணரி உள்வெப்பநிலையை விடப் பல பத்து டிகிரி குறைவாகக் காட்டக்கூடும். ஒளியிழை உள்ளே இல்லாமல் அந்த முறையில் எடுத்த எந்த வெப்பநிலையையும் நான் குறிப்பேட்டில் ஏற்றுவதில்லை.

அழுத்தமானிக்கு வருவோம். இந்தக் கருவியில் குப்பியின் வாயை டெஃப்ளான் முகம் கொண்ட சிலிக்கோன் அடைப்புத் தட்டான செப்டமும் அலுமினிய மூடியும் அடைக்கின்றன. உள்ளே அழுத்தம் ஏறும்போது செப்டம் மேலே புடைத்து, மூடியில் உள்ள விசை உணரியைத் தள்ளுகிறது. குப்பியே இல்லாதபோதும் அது 0.8 பார் காட்டியது. சுழியைத் திருத்தியதும் சரியானது. ஆனால் சுழி சரியானால் போதாது, மேலே ஏறும்போதும் சரியாக ஏற வேண்டும். அதற்கு மிக எளிய, மிக நம்பகமான அளவுகோல் தூய நீர். குறிப்பிட்ட வெப்பநிலையில் நீராவியின் அழுத்தம் என்ன என்பது எந்த நீராவி அட்டவணையிலும் இருக்கிறது. அதை அப்படியே ஒப்பிடாமல், குப்பிக்குள் அடைபட்ட காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். குப்பியைப் பாதி நிரப்பி மூடினால், மீதிப் பாதியில் இருக்கும் காற்று வெப்பத்தால் விரியப் பார்க்கிறது; நீரும் விரிந்து (180 டிகிரியில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு) காற்றின் இடத்தைக் குறைக்கிறது. இரண்டையும் சேர்த்து, வெளிவளி அழுத்தத்தைக் கழித்தால், அழுத்தமானி காட்ட வேண்டிய அளவு 120 டிகிரியில் 2.4 பார், 150இல் 5.3, 180இல் 10.8.

துடைத்த வெப்பமானியை வைத்து, கருவிக்கு முன்னால் பாதுகாப்புத் தடுப்பு நிறுத்தி, புதிய குப்பி, புதிய செப்டத்தோடு இதை ஓட்டினேன். 2.5, 5.2, 10.4 என்று வந்தது. மேல் முனையில் சற்றுக் குறைவாகக் காட்டுவது, செப்டத்தின் விறைப்பைப் பொறுத்தது என்று கருதுகிறேன். வேறு தொகுதிச் செப்டத்தோடு அந்த வேறுபாடு மாறியது. ஒளியிழை உணரி கிடைக்காதவர்களுக்கு இந்தச் சோதனையே போதிய எச்சரிக்கையைத் தரும். எடுத்துக்காட்டாக, துடைப்பதற்கு முன் திரை 133 காட்டியபோது உள்ளே 150 டிகிரி இருந்தது. அதே நிலையில் குப்பிக்குள் நீர் இருந்திருந்தால், 133க்கு உரிய 3.4 பாருக்குப் பதிலாக 5.3 பார் தெரிந்திருக்கும். வெப்பநிலைக்குத் தகாத அளவு அழுத்தம் அதிகமாகத் தெரிந்தால், முதலில் வெப்பமானியின் வில்லையைச் சந்தேகிக்க வேண்டும்.

மேக்னட்ரானின் திறனை அளப்பது இதற்குப் பிறகுதான் பொருளுடையது. 10 மில்லிலிட்டர் நீரைக் கலக்கியபடி 20 டிகிரியிலிருந்து 50க்கு ஏற்ற 1254 ஜூல் வேண்டும். 50 வாட் முழுவதும் நீரில் இறங்கினால் 25 வினாடி ஆக வேண்டும். 33 வினாடி ஆனது, அதாவது 38 வாட். திரையில் தெரியும் திறன், மேக்னட்ரான் வெளியிடுவது. கரைசல் ஏற்றுக்கொள்வது அதில் ஒரு பங்கு. பழைய மேக்னட்ரானுக்கு இது நல்ல நிலை என்றே எடுத்துக்கொண்டேன். அதே ஓட்டத்தில் நுண்ணலைக் கசிவுமானியை மூடியின் விளிம்பைச் சுற்றி 5 சென்டிமீட்டர் தொலைவில் மெதுவாக நகர்த்திப் பார்த்தேன். வீட்டு அடுப்புகளுக்கான பன்னாட்டு வரம்பு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட். இங்கே அதற்கு வெகு கீழேதான் இருந்தது. குழிவறை வெறுமையாக இருக்கும்போது மட்டும் ஒருபோதும் இயக்கக் கூடாது. உறிஞ்ச ஆளில்லாத அலை முழுவதும் மேக்னட்ரானுக்கே திரும்பி அதைச் சூடாக்கிக் கெடுக்கும்.

கரைப்பான்களின் குணத்தையும் கருவியோடு சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும். ஒரு பொருள் நுண்ணலையை எவ்வளவு வெப்பமாக மாற்றும் என்பதை டேன் டெல்டா என்ற எண் சொல்கிறது. 20 டிகிரியில் எத்திலீன் கிளைக்காலுக்கு 1.35, எத்தனாலுக்கு 0.94, டிஎம்எஸ்ஓவுக்கு 0.83, டிஎம்எஃப்புக்கு 0.16, நீருக்கு 0.12, டொலுவீனுக்கு 0.04, ஹெக்சேனுக்கு 0.02. எல்லோரும் நன்றாகச் சூடாகும் என்று நினைக்கும் நீர் நடுத்தர நிலையில்தான் இருக்கிறது. அதுவும் வெப்பம் ஏற ஏற நீர் உறிஞ்சுவது குறைகிறது. எத்தனாலில் வேலை செய்பவர்களுக்குச் சிக்கல் எதிர்ப்பக்கத்தில் வரும்: நொடிகளில் வெப்பம் ஏறும், 152 டிகிரியிலேயே ஆவியழுத்தம் 10 பாரை எட்டிவிடும். முதல் ஓட்டத்தில் முழுத்திறனைக் கொடுக்காமல் 50 வாட் அளவில் தொடங்குவதே முறை. கலக்கி நின்றுவிட்டால், கண்ணாடியில் குமிழ் உருவாக இடமில்லாமல் கரைப்பான் கொதிநிலையைத் தாண்டியும் அமைதியாக இருந்து, பிறகு திடீரெனப் பொங்கும். பழைய கருவியின் கலக்கி மோட்டார் குறைந்த வேகத்தில் திக்கினால், மற்றவற்றுக்கு முன்பாக அதை மாற்றிவிட வேண்டும். இதிலும் அதைத்தான் செய்தேன்.

கடைசியாக ஒரு வினையையே வெப்பமானியாக வைத்துச் சோதித்தேன். ஆர்த்தோ-ஃபெனிலீன்டையமீனை அசிட்டிக் அமிலத்தில் கரைத்துச் சூடாக்கினால் 2-மெத்தில்பென்சிமிடசோல் கிடைக்கிறது. இந்த வினை வெப்பநிலைக்கு மிகக் கூர்மையாக இணங்குவது நன்கு பதிவாகியிருக்கிறது: அறை வெப்பநிலையில் 9 வாரம், 100 டிகிரியில் 5 மணி நேரம், 130இல் ஒரு மணி நேரம், 160இல் 10 நிமிடம், 200இல் 3 நிமிடம். டையமீன் நச்சுள்ளது என்பதால் எடையிடுவதையும் ஃபியூம் ஹூடிலேயே செய்தேன். ஒரு மில்லிலிட்டர் அமிலத்துக்கு ஒரு மில்லிமோல், அதாவது 108 மில்லிகிராம் என்ற செறிவில் இரண்டு குப்பிகள் தயாரித்து, ஒன்றை 160 டிகிரியில் 10 நிமிடமும், மற்றொன்றை 130 டிகிரியில் 20 நிமிடமும் வைத்தேன். கலவையிலுள்ள பொருள்களைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் மென்படல வண்ணப்பிரிகையில் முதல் குப்பியில் டையமீன் புள்ளி மறைந்திருந்தது. இரண்டாவதில் தெளிவாக எஞ்சியிருந்தது. இரண்டாவது குப்பிதான் எனக்கு முக்கியமானது. முதலாவது மட்டும் இருந்தால், கருவி 20 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினாலும் வினை முடிந்ததாகவே தெரிந்திருக்கும். 130இல் டையமீன் எஞ்சியிருப்பதே கருவி மிகையாகச் சூடாக்கவில்லை என்பதற்குச் சான்று. முதல் குப்பியை அம்மோனியாவால் நடுநிலையாக்கி வடித்தெடுத்த பொருள் 176 டிகிரியை ஒட்டி உருகியது. அது எதிர்பார்த்த அளவே.

கருவி இப்போது வேலையில் இருக்கிறது. அதன் தகட்டில் 250 டிகிரி, 20 பார் என்று பொறித்திருந்தாலும், மென்பொருளில் உச்ச வரம்பை 200 டிகிரி, 15 பார் என்று இறக்கி வைத்திருக்கிறேன். ஒளியிழை ஒப்பீட்டை 150 வரைதான் செய்திருக்கிறேன், அதற்கு மேல் உள்ளவை கணக்கால் நீட்டியவை. பல்லேடியம் வினை ஓடிய குப்பியில் உலோகப் படலம் லேசாகத் தெரிந்தாலும் அது மறுபயன்பாட்டுக்குச் செல்வதில்லை. கீறல் விழுந்த குப்பிக்கும் அதே விதி. செப்டம் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதியது. குப்பி எப்போது உடைந்தாலும், அடுத்த ஓட்டத்துக்கு முன் உணரியைக் கழற்றி வில்லையைப் பார்த்துவிட்டு, பாதி நிரப்பிய நீர்க்குப்பியை 150 டிகிரிக்கு ஏற்றி 5.3 பாரை ஒட்டி வருகிறதா என்று சரிபார்த்த பிறகே மற்றவர்களுக்குக் கருவியைத் திறந்துவிடுகிறோம். குளிர்காற்று வால்வு மூடும்போது சற்றுத் தாமதிக்கிறது. அதற்கான மாற்று உறுப்பு வந்ததும் அதையும் மாற்ற வேண்டும்.